கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு: துப்பறியும் நாவலை மறுபடி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"யார் கொன்றதென்றுதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு அதையே திரும்பப் படிக்கிறாய்?" துப்பறியும் நாவலை இரண்டாம் முறை கையில் எடுக்கும் எவரும் வீட்டில் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. வாலி வதத்தில் யார் சாவார் என்று தெரிந்துகொண்டே கதாகாலட்சேபத்துக்குப் போகிறவரை யாரும் இப்படி மடக்குவதில்லை. துப்பறியும் கதைக்கு மட்டும் ஒரே ஒரு முறைதான் உயிர் என்று நாமாகவே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

நல்ல துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன. முதல் தடவை ஒன்றைத்தான் படிக்க முடியும். இன்னொன்றைப் படிக்க, கொலையாளி யாரென்று தெரிந்திருக்க வேண்டும். இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. அகதா கிறிஸ்டி 1926-ல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. மறுவாசிப்புக்கென்றே செய்யப்பட்டதுபோல இருக்கும் நாவல். பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் 2013-ல் நடத்திய வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் சிறந்த குற்ற நாவலாகத் தேர்வானதும் இதுதான்.

இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தை முடித்தபின் வாருங்கள். அடுத்த பத்தியிலேயே கொலையாளியைச் சொல்லப்போகிறேன். கேலிக்குச் சொல்லவில்லை.

சரி. இங்கிலாந்தில் கிங்ஸ் அபாட் என்ற சிறு கிராமம். அங்கே பணக்காரர் ரோஜர் அக்ராய்ட் தன் வீட்டுப் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுகிறார். துப்பறியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுரைக்காய் வகை ஒன்றை வளர்த்துக்கொண்டு அதே ஊரில் குடியிருக்கும் ஹெர்குல் பாய்ரோ விசாரிக்கிறார். கதையை நமக்குச் சொல்பவர் பக்கத்து வீட்டு டாக்டர் ஷெப்பர்ட். கொலை செய்தவரும் அவர்தான்.

மறக்கட்டும் என்று காத்திருப்பது

இதைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள். பத்து வருஷம் போகட்டும், முடிவு மறந்துவிடும், அப்போது முதல் தடவை போலப் படிக்கலாம் என்று நினைப்பு. நடக்காது. பார்க்கர் என்ற பட்லர் பெயர் மறக்கும், யாருக்கு எவ்வளவு சொத்து என்பது மறக்கும், ஆனால் 'டாக்டர்தான்' என்பது மறக்காது. இந்த நாவலின் முடிவு அப்படிப்பட்டது.

மறக்கவும் வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, வாசகர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். மர்மக் கதைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பிறகு வந்த வேறு ஆய்வுகள் இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன, ஆகவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். முடிவு தெரிந்தாலே கதை செத்துவிடும் என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை என்பது மட்டும் போதும்.

முடிவு நன்றாக நினைவில் இருக்கும்போதே எடுத்துப் படியுங்கள். முதல் பக்கத்திலேயே அதன் பலன் தெரியும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு திருமதி ஃபெரார்ஸ் என்ற பணக்கார விதவையின் வீட்டிலிருந்து டாக்டருக்கு அழைப்பு. போனால், அந்த அம்மாள் இறந்து சில மணி நேரம் ஆகியிருக்கிறது. வீடு திரும்பிய டாக்டர் உடனே உள்ளே போகவில்லை. தொப்பியையும் மேல்கோட்டையும் மாட்டும் சாக்கில் கூடத்தில் வேண்டுமென்றே சில நிமிஷம் கடத்துகிறார். மனசு சரியில்லை, கவலையாக இருந்தது என்று நம்மிடம் ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். நோயாளியைப் பறிகொடுத்த நல்ல டாக்டர் என்று முதல் தடவை கடந்துபோனோம். இந்தத் தடவை, தான் ஒரு வருஷமாக மிரட்டிப் பணம் பறித்துவந்த பெண் தற்கொலை செய்துகொண்டாள், போகும் முன் யாருக்காவது ஏதாவது எழுதி வைத்தாளா என்று தெரியாமல் கைகால் ஓடாமல் நிற்கிற ஆள் அங்கே தெரிகிறார். ஒரு வார்த்தை மாறவில்லை.

தணிக்கைக்காரர் மாதிரி படிப்பது

பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, 'இதோ ஒரு தடயம், இதோ இன்னொன்று' என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போவது அடுத்த தவறு. தவறு என்று முழுசாகச் சொல்லவும் மனசு வரவில்லை, ஏனென்றால் இந்த நாவலில் அது அவ்வளவு சுகம்.

புகழ்பெற்ற இடத்தையே பாருங்கள். கொலை நடந்த இரவு, திருமதி ஃபெரார்ஸ் சாவதற்கு முன் அனுப்பிய கடிதம் அக்ராய்டின் கைக்கு வருகிறது. மிரட்டியவன் பெயர் அதில் இருக்கிறது. டாக்டர் எழுதுகிறார்: கடிதம் வந்தபோது மணி எட்டு நாற்பது. அவரை விட்டு நான் கிளம்பியபோது சரியாக எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படவில்லை. கதவுப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று யோசித்தேன்.

இவ்வளவுதான். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பத்து நிமிஷம் காணாமல் போயிருக்கிறது, கொலை அதற்குள்தான் நடந்தது. கடைசி அத்தியாயத்தில் டாக்டரே இந்த இடத்தை எடுத்துக்காட்டி, எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறேன் பாருங்கள், எல்லாமே உண்மைதானே என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். நடுவில் ஒரு வரிசை நட்சத்திரக் குறி போட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களோ என்றும் கேட்கிறார்.

கொஞ்சம் தள்ளி, பிணத்தைக் 'கண்டுபிடித்த' பிறகு, போலீசுக்கு போன் செய்ய பட்லரை அனுப்பிவிட்டு, செய்ய வேண்டிய சின்ன வேலையைச் செய்தேன் என்று ஒரு வரி. டாக்டர்கள் பிணத்தருகே ஏதோ செய்வார்கள் என்று நாமும் விட்டுவிட்டோம். அவர் செய்தது, ஒலிப்பதிவுக் கருவியைப் பைக்குள் திணித்துவிட்டு, அதை மறைத்துக்கொண்டிருந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளியதுதான். அந்தக் கருவியின் குரலை வைத்துத்தான் அக்ராய்ட் ஒன்பதரைக்கும் உயிரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று வீட்டில் உள்ளவர்கள் நம்பினார்கள்.

இப்படி ஏகப்பட்டது உண்டு. சொந்தக்காரர் சொத்து வந்தது, அதை ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் போட்டுத் தொலைத்தேன் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே பாய்ரோவிடம் சொல்கிறார். எந்திரங்களைக் கழற்றி மாட்டும் பழக்கம் உண்டு, வீட்டில் அதற்கென்று சின்னப் பட்டறை இருக்கிறது. எட்டு ஐம்பதுக்குக் கிளம்பியவர், ஐந்து நிமிஷ நடையில் உள்ள வெளிக்கதவைத் தாண்டும்போது மாதா கோவில் கடிகாரம் ஒன்பது அடிக்கிறது. எல்லாம் கண் முன்னே.

ஆனால் தடயப் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதை மட்டும் நம்பிப் படிப்பவர் பாதியில் மூடிவைத்துவிடுவார். தடயத்தைவிட அந்த ஆளின் குரலைக் கவனிப்பதுதான் பலன் தரும். ஓர் உதாரணம். கடிதத்தைப் படித்துவிடுங்கள் என்று அக்ராய்டை டாக்டரே வற்புறுத்துகிறார். தன் பெயர் இருக்கும் கடிதத்தை எவனாவது படிக்கச் சொல்வானா? அக்ராய்ட் பிடிவாதக்காரர், ஒன்றைச் செய் செய் என்றால் செய்யவே மாட்டார் என்று அந்த இடத்திலேயே அலுத்துக்கொள்கிறார். கடைசியில் அதையும் தானே கிளறுகிறார்: பிடிவாதக்காரனைப் படிக்கவிடாமல் செய்ய அதுதான் நல்ல வழி என்று என் அடிமனசுக்குத் தெரிந்திருந்ததோ? இது தடயமே இல்லை. ஒரு மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. தணிக்கைக்காரரின் பென்சிலுக்கு இது அகப்படாது.

பாய்ரோவின் பேச்சையும் அதே காதோடு கேட்க வேண்டும். என் பக்கத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறீர்களே, என் நண்பர் ஹேஸ்டிங்ஸுக்குப் பதிலாக ஆண்டவன்தான் உங்களை அனுப்பியிருக்க வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு தடவை கண்சிமிட்டிச் சொல்கிறார். முதல் வாசிப்பில் அது நட்பு. இப்போது அது என்ன என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவருக்கு எப்போது சந்தேகம் தட்டியது என்று பக்கம் பக்கமாகத் தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. உறுதியான பதில் கிடைக்காது.

நினைவை வைத்துக்கொண்டு "ஏமாற்றிவிட்டார்" என்பது

1926-லிருந்தே இந்தப் புகார் உண்டு. கதைசொல்லியே கொலைகாரன் என்பது ஆட்டவிதிக்குப் புறம்பு என்றார்கள். துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்த ரொனால்ட் நாக்ஸ், வாசகர் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர விடப்படுகிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்று முதல் கட்டளையிலேயே எழுதினார். அது 1929, நாவல் வந்து மூன்று வருஷம் கழித்து.

புகார் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். 'நான் கொல்லவில்லை என்று டாக்டர் சொன்னாரே' என்று அடித்துப் பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று கேட்டால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த வாக்கியம் நம் மனசு போட்டுக்கொண்டது. கதை சொல்லும் டாக்டர் என்றதும், ஷெர்லாக் ஹோம்ஸின் வாட்சனிடம் வைத்த நம்பிக்கையை அப்படியே இவர் தலையில் தூக்கி வைத்தோம். யோசனையும் அங்கிருந்துதான் வந்தது. வாட்சன் மாதிரி ஆளே குற்றவாளியாக இருந்தால் என்ன என்று கிறிஸ்டியின் அக்காள் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ் ஒரு தடவை சொல்லியிருந்தார். பிற்காலத்தில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த மவுண்ட்பேட்டனும் ஏறக்குறைய அதே யோசனையைக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார்.

எதிர்ப்பக்கம் போய் விழுந்தவர்களும் உண்டு. பிரெஞ்சு விமர்சகர் பியேர் பயார் 1998-ல் இந்த ஒரு நாவலை மறுவிசாரணை செய்து ஒரு புத்தகமே எழுதினார். பாய்ரோ தப்பான ஆளைப் பிடித்துவிட்டார், கொலை செய்தது டாக்டரின் அக்காள் என்பது அவர் தீர்ப்பு. எனக்கு ஒப்புதல் இல்லை. படிக்க வெகு சுவாரசியம்.

அக்காளைத் தாண்டிப் போவது

இந்தப் பட்டியலில் பெரிய தவறு இதுதான் என்பேன். கொலை, விசாரணை என்று வரும் அத்தியாயங்களை மட்டும் பொறுக்கிப் படித்து, வீட்டுப் பேச்சுகளை 'சும்மா நிரப்பியது' என்று தள்ளிவிடுவது.

டாக்டரின் அக்காள் கரோலின், தம்பியைவிட எட்டு வயது பெரியவள், கல்யாணம் ஆகாதவள், ஊர்வம்பு அத்தனையும் உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேரும். பால்காரர், வேலைக்காரிகள் என்று அவளுக்கு ஊர் முழுக்க உளவுப்படை. முதல் அத்தியாயத்திலேயே, திருமதி ஃபெரார்ஸ் தன் புருஷனை விஷம் வைத்துக் கொன்றாள், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் செத்தாள் என்று அடித்துச் சொல்கிறாள். தம்பி அதை அபத்தம் என்று ஒதுக்குகிறார். முதல் தடவை நாம் தம்பி பக்கம். மறுபடி படிக்கும்போதுதான், அவள் சொல்வது உண்மை என்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்பது உறைக்கிறது.

பிறகு பாய்ரோ அவளிடம் வருகிறார். வெள்ளிக்கிழமை காலை தம்பியிடம் வைத்தியத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரிக்கிறார். புகழ்பெற்ற துப்பறிவாளருக்கு உதவும் பூரிப்பில், ஒருவரையும் விடாமல் ஒப்பிக்கிறாள். அக்ராய்ட் வீட்டு நிர்வாகி மிஸ் ரஸல்தான் முக்கியம் என்பது அவள் கணிப்பு, படிக்கும் நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே பட்டியலில் ஒரு கப்பல் பணியாளும் இருக்கிறான். அன்றிரவு ரயில் நிலையத்திலிருந்து டாக்டர் வீட்டுக்கு வந்து, அவர் அக்ராய்ட் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சாக்காக அமைந்த மர்மத் தொலைபேசி அழைப்பைச் செய்தவன் அவன். பாய்ரோ நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்பி அதை உறுதி செய்துகொள்கிறார். தம்பியின் கழுத்துக்கான கயிற்றை அக்காள் தன் கையாலேயே, சந்தோஷமாக, எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது தெரியாது.

பதினேழாம் அத்தியாயத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசும் ஓர் இடம் வரும். பாய்ரோ மெதுவாக ஆரம்பிக்கிறார்: ஒரு சாதாரண மனிதனை எடுத்துக்கொள்வோம், கொலை எண்ணம் துளியும் இல்லாதவன், ஆனால் உள்ளே ஆழத்தில் எங்கோ ஒரு பலவீனம் இருக்கிறது... அந்த மனிதன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கரோலினோ, அக்ராய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃபைத்தான் சொல்கிறீர்கள் என்று குறுக்கே பாய்கிறாள். அதே அத்தியாயத்தில், நீ பலவீனமானவன் ஜேம்ஸ், சரியாக வளர்க்காமல் விட்டிருந்தால் இந்நேரம் என்னென்ன வம்பில் மாட்டியிருப்பாயோ என்று தம்பியைக் கடிந்துகொள்ளவும் செய்கிறாள். முதல் தடவை சிரித்தோம். மறுபடி படிக்கையில் சிரிப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் தொண்டையில் ஏதோ சிக்குகிறது.

அதற்கு முந்தின அத்தியாயத்தில் வரும் மாஜாங் ஆட்டத்தையும் பலர் புரட்டித் தள்ளுவார்கள். நான்கு பேர் கட்டைகளை அடுக்கிக்கொண்டு வம்பு பேசுகிறார்கள், கதை நகரவில்லை. ஆனால் கடைசியில் டாக்டருக்கு அபூர்வமான ஓர் ஆட்டம் விழுகிறது. அந்த மிதப்பில், அக்காளும் சீண்டிவிட, பாய்ரோ மீன் குளத்தில் கண்டெடுத்த மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறார். கொலையை மறைக்கத் தெரிந்தவருக்கு ஒரு மோதிரத்தை மறைக்கத் தெரியவில்லை. பீற்றல். இந்தக் கதையையே அவர் ஏன் எழுத ஆரம்பித்தார் தெரியுமா? பாய்ரோ தோற்ற வழக்கு என்று ஒருநாள் வெளியிடலாம் என்ற நினைப்பில்தான். மாஜாங் மேஜையில் பார்த்த அதே ஆள்.

1928-ல் இந்த நாவல் 'அலிபை' என்ற பெயரில் மேடைக்குப் போனபோது, நடுத்தர வயதுக் கரோலினை நீக்கிவிட்டு ஓர் இளம் பெண்ணை வைத்தார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவில்லை. கரோலினைப் படைத்ததில் கிடைத்த சந்தோஷத்திலிருந்துதான் தன் இன்னொரு துப்பறியும் பாத்திரமான மிஸ் மார்ப்பிள் வந்திருக்கலாம் என்று சுயசரிதையில் எழுதினார்.

மற்ற சந்தேக நபர்களைக் கழித்துவிடுவது

கொலையாளி இல்லையென்று தெரிந்ததும் மற்றவர்கள் வெறும் கவனத் திருப்பலாகத் தோன்றுவார்கள். அக்ராய்டின் தம்பி மகள் ஃப்ளோரா, ஒன்பதே முக்காலுக்குப் பெரியப்பாவிடம் குட்நைட் சொல்லிவிட்டு வந்தேன் என்று சொன்ன ஒரு பொய்யால் கொலை நேரமே குழம்பிப்போகிறது. பெரியப்பாவின் மாடியறையிலிருந்து நாற்பது பவுண்டு எடுத்துவிட்டு இறங்கியவள், அதை மறைக்கச் சொன்ன பொய் அது. பணக்கார வீட்டில் கையில் காசில்லாமல், ஒவ்வொரு பில்லுக்கும் கெஞ்சி வாழும் பெண். விடையைத் தேடி ஓடிய அவசரத்தில் அவளிடம் நின்று கேட்க நமக்கு நேரமில்லை. இப்போது இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் அர்சுலாவுக்கும் மிஸ் ரஸலுக்கும் அதே கதைதான், ஆளுக்கொரு ரகசியம்.

படமாகப் பார்த்து ஈடுகட்டுவது

டேவிட் சூஷே பாய்ரோவாக நடித்த 2000-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம் இருக்கிறது. பாருங்கள், கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் அதை மறுவாசிப்பாகக் கணக்கில் வைக்க முடியாது. நாவலில் நாம் டாக்டரின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். கேமரா வந்துவிட்டால் டாக்டர் வெளியிலிருந்து பார்க்கப்படும் இன்னோர் ஆள், அவ்வளவுதான். காணாமல் போன பத்து நிமிஷத்தைக் காட்சியாக எடுக்க வழியில்லை.

எல்லா மர்ம நாவலும் தாங்கும் என்று நம்புவது

தாங்காது. பூட்டிய அறை எப்படித் திறந்தது, எந்த ரயிலை எங்கே மாறிப் பிடித்தான் என்ற ஒரே முடிச்சில் நிற்கும் நாவல்களில், முடிச்சு அவிழ்ந்ததும் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் ரயில்வே பொறியாளராக இருந்தவர், கால அட்டவணையை வைத்து அலிபையை, அதாவது 'அந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன்' என்ற சாக்கை, உடைப்பதில் மன்னர். ஒரு தடவைக்கு அருமை. இரண்டாம் தடவை அட்டவணையைத்தான் படித்துக்கொண்டிருப்போம். அவருடைய ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நேர் எதிர். வைரத்தை எடுத்தது யாரென்று தெரிந்தாலும், ஒருவர் மாற்றி ஒருவர் கதை சொல்லும் அந்தக் குரல்களுக்காகவே திரும்பப் போகலாம். எது தாங்கும் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி: நடுவில் எங்காவது திறந்து, கொலையைப் பற்றிப் பேசாத இரண்டு பக்கம் படியுங்கள். நிறுத்த மனமில்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் கொடுத்துவிட்டுச் சிரிப்பது

மறுவாசிப்பு பிடித்துப்போனவர்களுக்கு வரும் வியாதி இது. அந்தக் கால வாடகை நூலகப் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பேனாவால் எழுதிவைக்கும் புண்ணியவான்கள் இருந்தார்கள். நாம் அவ்வளவு மோசமில்லைதான். ஆனால் 'முடிவு மட்டும் நீ நினைத்தே பார்க்க மாட்டாய்' என்று சொல்லிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கெட்டிக்கார வாசகர், நினைத்தே பார்க்க முடியாத ஆள் யாரென்று முதல் அத்தியாயத்திலேயே தேட ஆரம்பித்துவிடுவார், கதை சொல்பவரைத் தவிர வேறு யார் மிச்சம்? கிறிஸ்டியின் நல்ல நாவல்களில் ஒன்று, கிராமத்துக் கதை, அக்காள் பாத்திரம் பிரமாதம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். படித்து முடித்துவிட்டு அவர்களே போன் செய்வார்கள்.